பிரேக்கை மிதித்தால் அணைந்த விளக்கு

"லைட்டைப் போடுங்கள்" என்றார். போட்டேன். "பிரேக்கை மிதியுங்கள்" என்றார். மிதித்தேன். வண்டிக்குப் பின்னால் நின்றிருந்த மோட்டார் வாகன ஆய்வாளர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "காலை எடுங்கள். ம், மறுபடி மிதியுங்கள்" என்றார். மூன்றாவது முறைக்குப் பிறகு என்னை இறங்கி வரச் சொல்லிவிட்டு, தன் உதவியாளரை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னார்.

பிரேக் மிதிபடும்போது என் வண்டியின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். இடப்பக்க விளக்கு பளிச்சென்று சிவந்தது. வலப்பக்க விளக்கு அதே நொடியில் அணைந்தது. காலை எடுத்தால் திரும்ப எரிந்தது.

"எரிய வேண்டிய நேரத்தில் அணைகிறது பாருங்கள்" என்றார். குரலில் கடுமை இல்லை. கையிலிருந்த தாளில் நான்கு வரி எழுதி நீட்டினார். வலப் பின் விளக்கு. முகப்பு விளக்குகள் மங்கல். நம்பர் பிளேட் விளக்கு இல்லை. ஹாரன் சில நேரம் மட்டும். "சரிசெய்துகொண்டு வாருங்கள், பார்க்கலாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே காட்சிதான் கண்ணில் நின்றது. இரவு, நாற்கரச் சாலை, பின்னால் ஒரு லாரி. நான் பிரேக்கை மிதிக்கிறேன். லாரி ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு சிவப்பு விளக்குகளில் ஒன்று மறைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒற்றை விளக்கைப் பார்த்து, இடது ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது என்றல்லவா அவர் நினைப்பார்? எத்தனை மாதம் இப்படி ஓட்டினேனோ தெரியவில்லை. மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூரிலிருந்து இருட்டிய பிறகு திரும்பிய நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வண்டியைத் திருப்பி அனுப்பியவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

வண்டி, அப்பா 1993 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வாங்கிய அம்பாசிடர். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஊரில் இதையும், லாரி, பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று வாங்குவதைச் சொல்வதுபோல, 'எஃப்.சி. காட்டுவது' என்றுதான் சொல்கிறோம். ஆய்வாளருக்கு 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்ற பழைய பெயர் இன்னும் போகவில்லை. 2008, 2013, 2018 ஆகிய மூன்று முறையும் அப்பா கொண்டுபோய்க் காட்டினார். 2023-இல் நான் போனேன். 2018-இல் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆகியிருந்தது. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ஐக் கொடுக்கலாம் என்பதால் ஜூலையிலேயே போயிருந்தேன். கையில் ஒரு மாத அவகாசம் இருந்தது. அந்த ஒரு மாதம் இல்லாமலிருந்தால் இந்தக் கட்டுரையில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது; அவசரத்தில் யாரிடமாவது விட்டு, எரிகிற மாதிரி ஒப்பேற்றி வாங்கிப் போயிருப்பேன்.

முதல் இரண்டு நாட்கள் அப்படித்தான் கழிந்தன. பக்கத்துக் கடையில் வலப்பக்கத்துக்கு புது பல்பு போட்டார்கள். அதே கதை. ஹோல்டரை மாற்றினார்கள். அதே கதை. வலப்பக்க இண்டிகேட்டரும் சோம்பலாக மின்னியதால் ஃப்ளாஷரை மாற்றினார்கள். பிரேக் ஸ்விட்சையும் மாற்றினார்கள். 1,400 ரூபாய் ஆனது. விளக்கு, பிரேக்கை மிதித்தால் அணைந்துகொண்டுதான் இருந்தது. கழற்றிப் போட்டவற்றை ஒரு பையில் வாங்கி வந்து வீட்டில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பல்பு நன்றாக இருந்தது. ஹோல்டர் நன்றாக இருந்தது. ஸ்விட்சும் நன்றாகவே இருந்தது. நோய் எங்கே என்று பார்க்காமல் உறுப்புகளை மாற்றியிருக்கிறோம்.

பாளையங்கோட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாகக் கார், லாரி எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர், அப்பாவுக்குப் பழக்கம். எல்லோருக்கும் அண்ணாச்சி. கண்புரை அறுவை சிகிச்சை செய்த பிறகு வண்டிக்கு அடியில் குனிவதை விட்டுவிட்டார். நான் போய்ச் சொன்னதும் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "கை உங்களுடையது, கண் உங்களுடையது. நான் உட்கார்ந்தபடி கேள்வி மட்டும் கேட்பேன், சம்மதமா தம்பி?" என்றார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "லைட்டைப் போடாமல் வலப்பக்க இண்டிகேட்டரை மட்டும் போட்டால் இடப்பக்கத்தில் என்ன நடக்கிறது?"

இடப்பக்கத்தில் என்ன நடக்கப் போகிறது? ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். கூட வந்திருந்த மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, இந்தப் பக்கத்து பிரேக் லைட் மூச்சு விடுகிறது!" குனிந்து பார்த்தேன். கையால் வெயிலை மறைத்தால்தான் தெரியும் அளவுக்கு மங்கலாக, வலப்பக்க இண்டிகேட்டர் மின்னும் தாளத்திலேயே, இடப்பக்க பிரேக் விளக்கு மெல்லச் சிவந்து சிவந்து அடங்கியது. யாரும் பிரேக்கைத் தொடவே இல்லை.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "எர்த் இல்லை. மின்சாரம் போகும் வழி மட்டும் போதாது தம்பி, அது வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். நீங்கள் வழி விடவில்லை என்றால் அடுத்த வீட்டுக் கொல்லைப்புறம் வழியாகப் போகும்."

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டிகளில் நான் பார்த்த விசித்திரங்களில் பாதிக்குமேல் இதற்குள் அடங்கிவிடுகின்றன. காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வயர்தான் போகிறது. திரும்பி வரும் வயர், வண்டியின் இரும்பு உடலே. பேட்டரியின் நெகட்டிவ் முனை உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. விளக்கின் உலோகக் கூடும் உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. பின் விளக்கு பல்புக்குள் இரண்டு இழைகள்: பார்க்கிங் விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் பொதுவான எர்த், பல்பின் பித்தளைக் கழுத்து. அந்தக் கழுத்திலிருந்து உடலுக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டால் என்ன ஆகும்? 5 வாட் இழைக்குள் வந்த மின்சாரம் கழுத்துவரை வந்து, வெளியே போக வழியில்லாமல் 21 வாட் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பிரேக் வயர் வழியாகவே பின்னோக்கிப் போய், இடப்பக்க பிரேக் விளக்கின் வழியாக எர்த்தை அடைகிறது. 21 வாட் இழை தடிமனானது. சிறிய மின்சாரத்துக்கு அது வெறும் வயர் மாதிரிதான். ஆகவே வலப்பக்கப் பார்க்கிங் விளக்கு வழக்கம்போல எரிகிறது, பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. இப்போது பிரேக்கை மிதித்தால் பிரேக் வயரிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இழையின் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். மேட்டிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் பாயுமா? விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் மர்மம்.

இண்டிகேட்டர் சோம்பலாக மின்னியதும் அதே காரணத்தால்தான். பழைய ஃப்ளாஷருக்குள் ஓர் உலோகப் பட்டை இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் சூடேறித் தொடர்பைத் துண்டிக்கும், ஆறினால் சேரும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்ன வேண்டும் என்பது விதி. பின்பக்க பல்பு சரியாக மின்சாரம் இழுக்காதபோது பட்டை சூடேறத் தாமதமாகிறது. நாங்கள் ஃப்ளாஷரைக் குற்றவாளியாக்கி, நல்ல ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டோம்.

"நான் எர்த்தைப் பார்த்துவிட்டேனே அண்ணாச்சி, மல்டிமீட்டர் பீப் அடித்ததே" என்றேன். உண்மைதான். ஒரு முனையை விளக்கின் கூட்டிலும் மறுமுனையை வண்டி உடலிலும் வைத்து, பீப் சத்தம் கேட்டு, எர்த் சரி என்று முடிவு செய்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. "பீப் அடிக்க ஒரு நூல் போதும். விளக்கு எரியக் கயிறு வேண்டும்" என்றார். மீட்டர் அனுப்பிப் பார்க்கும் மின்சாரம் மிகச் சிறியது. துருவின் ஊடே இருபது, முப்பது ஓம் தடையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தொடர்பையும் அது 'இணைப்பு உண்டு' என்று ஒப்புக்கொண்டுவிடும். 21 வாட் விளக்குக்கு அது துண்டித்த மாதிரிதான். விளக்கை எரிய வைத்தபடியேதான் அளக்க வேண்டும்.

அப்படி அளந்தேன். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் பிடித்துக்கொண்டு (அதற்கு ஒரு நீள வயர் தேவைப்பட்டது), சிவப்பு முனையை வலப் பின் விளக்கின் உலோகக் கூட்டில் வைத்தேன். மகளைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். எர்த்தாக இருக்க வேண்டிய, அதாவது சுழியமாக இருக்க வேண்டிய தகட்டில் மீட்டர் காட்டியது 10.9 வோல்ட். இடப்பக்கக் கூட்டில் வைத்துப் பார்த்தேன்: 0.08.

அந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாட்களாக ஊகம், ஊகம் என்று அலைந்த இடத்தில் முதன்முறையாக ஓர் உண்மை கிடைத்தது.

டிக்கியின் வலது மூலையில், பாய்க்கு அடியில், அந்தக் கறுப்பு வயர் ஒரு திருகில் முடிகிறது. திருகைச் சுற்றிலும் பழுப்பு நிறத்தில் பொருக்கு. ஸ்பானரைப் போட்டுத் திருப்பியதும் வயரின் முனையிலிருந்த வளையம் கையோடு வந்துவிட்டது. வயரின் உறையை ஒரு அங்குலம் சீவினேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் ஒரு அங்குலம். இன்னும் கறுப்பு. நகத்தால் கீறினால் பச்சைக் களிம்பு தூளாக உதிர்ந்தது. இந்த வண்டி தூத்துக்குடியில் ஒன்பது ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றது. உப்பளத்துக் காற்று, இரவில் பனியோடு சேர்ந்து, உறைக்கும் செம்புக்கும் இடையில் உள்ள சந்தில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு சாண் நீளம் வெட்டிய பிறகுதான் பளபளக்கும் செம்பு வந்தது.

புது வயர் கொஞ்சம் சேர்த்து ஈயம் பற்றவைத்தேன். புது வளையம் போட்டேன். திருகு உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளி மாதிரி மின்னும்வரை விடவில்லை. பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். முறை முக்கியம்: முதலில் இரும்போடு இரும்பு இறுக வேண்டும், பிறகுதான் வாசலின். மறுபடி அளந்தால் 0.06 வோல்ட். மகள் பிரேக்கை மிதித்தாள். இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு. செலவு முப்பது ரூபாய் இருக்கும்.

அண்ணாச்சி அன்று இன்னொன்றும் பார்க்கச் சொன்னார்: எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையில் உள்ள பின்னல் பட்டை. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் ஸ்டார்ட்டரின் முழு மின்சாரத்தையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பட்டை அறுந்த ஒரு வண்டியில் ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரம் முழுவதும் சோக் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிள் புகைந்து, ஓட்டுநரின் விரல் சுட்டதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். என் வண்டியில் பட்டை பாதி அறுந்திருந்தது. மாற்றினேன்.

இனி முகப்பு விளக்குகள். இவை எரியத்தான் செய்தன. ஆனால் எதிரில் யாரும் வராத சாலையில்கூட, மஞ்சள் பூசினாற்போல ஒரு வெளிச்சம். நான் கண் மேல் சந்தேகப்பட்டுக் கண்ணாடி மாற்றியிருந்தேன்! எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளந்தேன்: 13.8 வோல்ட். விளக்கு எரியும்போது பல்பின் முனைகளில் அளந்தேன்: 10.6. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். ஆகவே இது சின்ன இழப்பில்லை.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க வயரின் நிறம் தெரிந்திருக்க வேண்டும். அம்பாசிடரின் மூதாதை இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. வயர்களின் நிற ஒழுங்கும் அங்கிருந்து வந்ததுதான், லூக்காஸ் என்ற மின்கருவி நிறுவனத்தின் முறை. (சென்னைக்காரர்களுக்குப் பாடியில் லூக்காஸ் என்பது ஒரு பேருந்து நிறுத்தம், 1961-இல் தொடங்கிய தொழிற்சாலையால் வந்த பெயர்.) பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் இருப்பது. வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. பச்சை, அதிலிருந்து ஃபியூஸ் தாண்டி வருவது. பச்சையில் ஊதாக் கோடு பிரேக் விளக்கு. சிவப்புக் கோடு இட இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வல இண்டிகேட்டர். சிவப்பு, பார்க்கிங் விளக்குகள். நீலம், முகப்பு விளக்கு; அதில் வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். கறுப்பு எர்த். இதை மனப்பாடம் செய்துகொண்டால் வண்டி நம்மோடு பேச ஆரம்பித்துவிடுகிறது. கவலைக்குரியது என்னவென்றால், முப்பது ஆண்டுகளில் கைவைத்த ஒவ்வொருவரும் கையில் கிடைத்த வயரைப் போட்டு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரே மாதிரியான சிவப்பு வயர்கள் ஏழு. ஒன்று ஹாரனுக்கு, ஒன்று எப்போதோ கழற்றிப்போட்ட டேப் ரிக்கார்டருக்கு, ஒன்று எங்கும் போகாதது. நல்ல எழுத்தில் எழுதிய புத்தகத்தின் பக்கங்களைக் கிழித்துவிட்டு வெற்றுத்தாள் ஒட்டியதைப் போல இருந்தது. உத்தரபாரா ஆலை 2014 மே மாதம் நின்றுபோன பிறகு, இருக்கும் வயர்களைக் காப்பாற்றுவதுதான் வழி. அதனால் புதிதாகப் போட்ட ஒவ்வொரு வயரையும் உரிய நிறத்திலேயே தேடி வாங்கினேன். திருநெல்வேலியில் கிடைக்காத ஊதாக் கோட்டு வயர் மதுரையில் கிடைத்தது.

முகப்பு விளக்கின் கணக்குக்கு வருகிறேன். பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வரை 0.5 வோல்ட் இழப்பு. ஸ்விட்சுக்குள் மட்டும் 1.4. ஸ்விட்சிலிருந்து பல்பு வரை உள்ள புல்லட் இணைப்புகளில் 0.7. எர்த்தில் 0.6. ஸ்விட்ச்தான் பெரிய திருடன் என்று தெரிந்தது. கழற்றினால் பின்புறம் பிளாஸ்டிக் இளகி, ஒரு முனை சாய்ந்து நின்றது. முகர்ந்தால் கருகிய வாசம். காரணமும் கையில் கிடைத்தது. பல்பைக் கழற்றிப் படித்தேன்: 100/90 வாட். வெளிச்சம் போதவில்லை என்று யாரோ, எப்போதோ, 60/55 வாட் இருக்க வேண்டிய இடத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள். டிம்மில் இரண்டு பல்பும் சேர்ந்து 14 ஆம்பியர் இழுக்கின்றன. 1.4 வோல்ட்டை 14 ஆம்பியரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 20 வாட். மொபைல் பழுது பார்க்கும் கடையில் ஈயம் உருக்கும் கோலே 25 வாட்தான். அப்படி ஒன்றை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஓட்டியிருக்கிறோம். வெளிச்சம் போதவில்லை என்று பெரிய பல்பு. பெரிய பல்பால் ஸ்விட்ச் கருகல். கருகலால் இன்னும் குறைந்த வெளிச்சம். இந்த 100/90 பல்பைப் பரிந்துரைப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. அது எதிரே வருகிறவன் கண்ணையும் குருடாக்குகிறது, சொந்த வண்டியையும் எரிக்கப் பார்க்கிறது.

சரியான பல்பும் இரண்டு ரிலேயும் போட்டேன். ரிலே என்பது வேறொன்றுமில்லை, ஸ்விட்சின் கட்டளையைக் கேட்டுப் பெரிய மின்சாரத்தைத் தானே திறந்துவிடும் ஒரு காவலாள். அதன் கால்களில் எண்கள் பொறித்திருக்கும். 30-க்குப் பேட்டரியிலிருந்து நேராக, 15 ஆம்பியர் ஃபியூஸ் தாண்டி ஒரு தடித்த வயர். 87-லிருந்து பல்புக்கு. 86-க்கு ஸ்விட்சிலிருந்து வரும் பழைய நீல வயர். 85 எர்த். இப்போது ஸ்விட்ச் வழியாகப் போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, தனித்தனி ஃபியூஸ்; ஒன்று போனாலும் இருட்டில் மாட்டிக்கொள்ள மாட்டோம். அளந்தேன்: பல்பின் முனைகளில் 13.2 வோல்ட். 10.6-இல் எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை 13.2-க்குக் கொண்டுவந்தால் அதன் வெளிச்சம் இருமடங்காகிறது. என் வண்டியில் 90 வாட்டிலிருந்து 55 வாட்டுக்கு இறங்கிய பிறகும் சாலை முன்பைவிடத் தெளிவாகவும் வெண்மையாகவும் தெரிந்தது.

நம்பர் பிளேட் விளக்கு சுலபம் என்று நினைத்தேன். டிக்கிக்குள் வயரை யாரோ வெட்டி, டேப் சுற்றி மூலையில் தள்ளியிருந்தார்கள். சேர்த்தேன், எரிந்தது. மகிழ்ச்சியோடு டிக்கியை மூடினேன். பின் விளக்குகள் எல்லாமே அணைந்தன. ஃபியூஸ் போயிருந்தது. டிக்கியைத் திறந்து புது ஃபியூஸ் போட்டால் எல்லாம் எரிகிறது. மூடினால் போகிறது. மூன்று ஃபியூஸ் தீர்ந்த பிறகு அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"ஃபியூஸை வீணாக்காதீர்கள் தம்பி. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைச் செருகுங்கள்" என்றார். எத்தனை அழகான யோசனை! ஷார்ட் ஆனால் ஃபியூஸ் உருகும்; பல்பு உருகாது, முழு வெளிச்சத்தோடு எரியும். ஷார்ட் விலகினால் மங்கும். இரண்டு வயரில் தொங்கும் அந்த பல்பை டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டு, மகளை அதைப் பார்க்கச் சொன்னேன். நான் பின்னால் டிக்கி மூடியை அங்குலம் அங்குலமாக இறக்கினேன். "மங்கல்... மங்கல்... மங்கல்... பிரைட்!" அந்த இடத்தில் மூடியைப் பிடித்துக்கொண்டு வயரைத் தடவிப் போனேன். கீல் மடங்கும் இடத்தில், ஆயிரக்கணக்கான முறை மடங்கி மடங்கி, உறை பிளந்து ஒரு மயிரிழை செம்பு வெளியே தெரிந்தது. மூடியை இறக்கும்போது அது கீலின் இரும்பைத் தொடுகிறது. முன்பு வயரை வெட்டியவர் வியாதியைக் கண்டுபிடிக்காமல் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். புது வயரைக் கொஞ்சம் தாராள நீளத்தில் விட்டு, ரப்பர் குழாய்க்குள் செலுத்திக் கட்டினேன்.

ஹாரனைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அடிக்கும், நேராக வைத்தால் அடிக்காது. ஸ்டியரிங்குக்கு அடியில் ஹாரன் வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கார்பன் துண்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. மாற்றினேன்.

ஆகஸ்டு முதல் வாரம் மறுபடி போனேன். அதே ஆய்வாளர். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் படியெடுத்ததைச் சரிபார்த்தார். பிறகு பின்னால் போய் நின்றார். லைட்டைப் போடச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார், அதற்கு மேல் வல இண்டிகேட்டரையும் போடச் சொன்னார். எர்த் இல்லாத வண்டியைப் பிடிக்க இந்த மூன்றையும் ஒன்றாகப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடியது. "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். எர்த் வயர் என்றேன். "ஆமாம், அதுதான் இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். 2028 வரை பதிவு கிடைத்தது.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை, இருட்டிய பிறகு, வண்டியைக் காம்பவுண்டுச் சுவர் பக்கமாகப் பின்னால் எடுத்து நிறுத்துகிறேன். லைட்டைப் போட்டுப் பிரேக்கை மிதித்தபடி கண்ணாடியில் பார்த்தால், வெள்ளைச் சுவரில் இரண்டு சிவப்புத் திட்டுகள் விழுகின்றன. இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்க்க ஐந்து நொடி போதும்.

சாலையில் போகும்போதும் கண் தானாக முன்னால் போகும் வண்டிகளின் விளக்குகளில் நிற்கிறது. சென்ற மாதம் வல்லநாட்டுக்கு இந்தப் பக்கம், வாழைத்தார் ஏற்றிய ஒரு லோடு வேன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வேகத்தடை வந்தது. அதன் வலப்பக்க விளக்கு அணைந்தது. தடையைத் தாண்டியதும் எரிந்தது. தேநீர்க் கடையில் வேன் ஓட்டுநர் நிறுத்தியபோது நானும் நிறுத்தினேன். இருபத்தைந்து வயது இருக்கும். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. காலையில்தான் பல்பு மாற்றினேன் அண்ணே, நன்றாக எரிகிறதே என்றார். அவரைப் பின்னால் நிற்க வைத்து, நான் ஏறி மிதித்துக் காட்டினேன். இறங்கிப் பார்த்தால் அவர் முகம் மாறியிருந்தது. "ராத்திரி எல்லாம் இப்படியா போய்க்கொண்டிருந்தேன்?" என்றார்.

என் டிக்கியில் எப்போதும் கிடக்கும் வயரில் ஒரு முழம் வெட்டினேன். ஒரு முனையை விளக்கின் கூட்டில் உள்ள திருகிலும், மறுமுனையைச் சேசிஸில் உப்புத்தாள் போட்ட ஒரு போல்ட்டிலும் கட்டினோம். அவர் ஏறி மிதித்தார். "எரிகிறதா அண்ணே?" என்று கத்தினார்.

இரண்டும் எரிந்தன.